அறிக்கையில் ஓர் எண்: வாய்ப்புற்றும் புரத அடையாளங்களும்

புறநோயாளிப் பிரிவில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் விடை கூற மிகவும் கடினமானது ஒன்று உண்டு. நோயாளியைச் சற்று வெளியே அமரச் செய்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தியபின், தாழ்ந்த குரலில் வீட்டார் அதைக் கேட்பார்கள்: "இன்னும் எவ்வளவு நாள்?"

ஈராண்டுகளுக்கு முன் அதிராம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் அதையே கேட்டது. அறுபது வயதை எட்டும் அம்மையாருக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் விடுப்பெடுத்து விரைந்து வந்திருந்தார். திசுச் சோதனையில் புற்றுநோய் உறுதியாகியிருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு வெளி ஆய்வகம் ஒன்றில் கூடுதலாக இரண்டு புரதச் சோதனைகளும் செய்திருந்தார்கள். கைப்பேசியில் இருந்த அந்த அறிக்கையை எங்கள் முன் நீட்டி மகன் கேட்டார்: "டாக்டர், இதுல எழுபதுன்னு போட்டிருக்கு. இவ்வளவு இருந்தா ஆபரேஷன் பண்ணியும் பயனில்லன்னு சொல்றாங்க. உம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாமா?"

அந்த அறிக்கையில் இருந்த எண் உண்மையானதே. அதற்கு அவர்கள் கொண்ட பொருளே தவறானது. அறிக்கையின் ஒரு வரியைத் தவறாகப் படித்ததால், குணப்படுத்தும் வாய்ப்புள்ள ஒருவர் சிகிச்சையின்றி வீடு திரும்ப இருந்தார். இத்தகைய எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லமாட்டா என்பதை நோயாளிகளும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்று அன்றே கருதினோம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

கன்னத்தில் தங்கும் நஞ்சு

உலகில் 2022ஆம் ஆண்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் பேரைப் புதிதாகத் தாக்கியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்துள்ளது. அவர்களுள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். அதாவது, மூவருள் ஒருவருக்குச் சற்று மேல் நம் நாட்டவர்.

காரணம் மறைவானதன்று. வெற்றிலையும் பாக்கும் காவிரிப் படுகையில் மங்கலப் பொருள்கள். நிச்சயதார்த்தமும் விருந்தும் தாம்பூலமின்றி நிறைவுறுவதில்லை. நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்களின் இடுப்புச் சுருக்குப்பையிலும், உப்பளத்தில் வெயிலில் உழைப்போரின் மடியிலும், மதிய உணவுக்குப்பின் வீட்டுத் திண்ணையில் அமரும் மூத்தோரின் வெற்றிலைப் பெட்டியிலும் அதற்கு இடமுண்டு. இவற்றோடு புகையிலையும் சேர்கிறது. பசியையும் களைப்பையும் மறக்கச் செய்வதால் அதைக் கன்னத்தில் மணிக்கணக்கில் அதக்கி வைப்பது வழக்கமாகிவிடுகிறது.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று மேற்சொன்ன முகமை 1980களிலேயே அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், அதிலுள்ள பாக்கும் அவ்வாறே தீங்கானவை என்று 2003இல் கூடிய அதன் வல்லுநர் குழு முடிவு செய்தது. ஆகவே, "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பது பாதுகாப்பாகாது. பாக்கு வாயின் உட்தோலை நாராக இறுகச் செய்கிறது. வாய் திறப்பது படிப்படியாகக் குறைகிறது. நலமான ஒருவர் தம் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாகப் பற்களிடையே நுழைக்க முடியும். அந்த அம்மையாரால் இரண்டு விரல்களையே நுழைக்க முடிந்தது.

தாம்பூலம் தங்கும் இடம் கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம். நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுதியாகத் தோன்றும் இடமும் அதுவே. மேலை நாடுகளில் நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் தோன்றுவதே மிகுதி. இந்த வேறுபாட்டைப் பின்னர் மீண்டும் காண்போம்.

புரதம் ஏன் பேசுகிறது?

உடலின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்கள் கட்டளைகளாக எழுதப்பட்டுள்ளன. கட்டளையை நிறைவேற்றுபவை புரதங்கள். செல்லை வளரச் சொல்வதும், பிரிவதைத் தடுப்பதும், அண்டைச் செல்லோடு இணைத்துப் பிடிப்பதும் புரதங்களே. ஆகவே புற்றுச் செல்லில் எந்தப் புரதம் மிகுந்துள்ளது, எது குறைந்துள்ளது, எது உருக்குலைந்துள்ளது என்று பார்த்தால் அந்நோயின் போக்கை ஓரளவு அறியலாம் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. இவ்வாறு நோயின் போக்கைக் காட்ட உதவும் புரதங்களைப் புரத அடையாளங்கள் என்கிறோம். வாய்ப்புற்று அறிக்கைகளில் நீங்கள் காணக்கூடிய சிலவற்றை விளக்குவோம்.

பி-53: 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதம் செல்லின் காவலர். மரபணுவில் சேதம் நேர்ந்தால் செல் பிரிவதை நிறுத்தி, சீர்செய்ய இயலாதபோது அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. நலமான பி-53 தோன்றிய சிறிது நேரத்திலேயே சிதைந்துவிடுவதால் சாயச் சோதனையில் பெரிதும் தென்படுவதில்லை. உருமாறிய பி-53 சிதையாமல் செல்லுக்குள் குவிந்து பளிச்செனத் தெரிகிறது. சில உருமாற்றங்களிலோ புரதம் அறவே உண்டாவதில்லை. அப்போது சாயம் சற்றும் ஏறாது. ஆதலால் 'இல்லை' என்ற விடையும் எல்லா நேரத்திலும் நற்செய்தியாகாது. வாய்ப்புற்றுகளுள் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு பழுதுபட்டே உள்ளது.

கே.ஐ.-67: ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983இல் கண்டறியப்பட்டதால் அந்நகரின் முதலெழுத்துகளைப் பெயரில் தாங்கியது. பிரிவதற்கான சுழற்சியில் உள்ள செல்லில் மட்டுமே இது காணப்படும். ஓய்ந்திருக்கும் செல்லில் இராது. அறிக்கையில் எழுபது விழுக்காடு என்றால், எண்ணிப் பார்த்த நூறு புற்றுச் செல்களுள் எழுபது பிரியும் சுழற்சியில் உள்ளன என்பதே பொருள். அது வாழ்நாளின் கணக்கன்று. பரவலின் அளவும் அன்று. மேலும், விரைந்து பிரியும் செல்களே பெரும்பாலும் கதிர்வீச்சுக்கும் வேதிச் சிகிச்சைக்கும் எளிதில் ஆட்படுபவை. ஒரே எண்ணுக்கு இரு முகங்கள் இருக்கக்கூடும்.

இ.ஜி.எஃப்.ஆர்.: செல்லின் வெளிச்சுவரில் நின்று 'வளர்க' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதம். இது மிகுந்திருப்பது நல்லதன்று என்று பல ஆய்வுகள் காட்டின. எனினும் தலை, கழுத்துப் புற்றுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இது மிகுந்தே காணப்படுகிறது. எல்லோரிடமும் இருக்கும் ஓர் அடையாளம், ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டப் பெரிதும் உதவாது.

இ-கேடரின்: செங்கற்களைப் பிணைக்கும் சாந்து போலச் செல்களைச் சேர்த்துப் பிடிப்பது. இது குறையும்போது செல்கள் தனித்துப் பிரிந்து நிணநீர் வழியே செல்வது எளிதாகிறது.

பி.டி.எல்.-1: நம் தற்காப்புச் செல்கள் தாக்க வரும்போது, 'நிறுத்து' என்று கைகாட்டும் புரதம். புற்றுச் செல்கள் இதைத் தாங்கி நின்று தப்பித்துக்கொள்கின்றன. இதன் பயன் பற்றிக் கீழே தனியே கூறுவோம்.

மெழுகுக் கட்டியில் நடப்பது என்ன?

புண்ணிலிருந்து எடுத்த சிறு சதைத் துண்டு உடனே ஃபார்மலினில் இடப்படுகிறது. பின்னர் நீர் நீக்கப்பட்டு மெழுகில் பதிக்கப்படுகிறது. 'பிளாக்' என்று ஆய்வகத்தார் சொல்வது இந்த மெழுகுக் கட்டியைத்தான். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களை அறுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிறார்கள். நாம் தேடும் புரதத்தை மட்டும் சென்று பற்றும் எதிர்ப்பொருளை அதன்மீது விடுகிறார்கள். அது பற்றிய இடங்களில் பழுப்பு நிறம் தோன்றுமாறு வேதிவினை நிகழ்த்தப்படுகிறது. நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் அந்தப் பழுப்பைக் கண்டு, எத்தனை செல்களில், எவ்வளவு அழுத்தமாக என்று மதிப்பிடுகிறார்.

ஒவ்வொரு படியிலும் பிழைக்கு இடமுண்டு என்பது இதிலிருந்தே விளங்கும். சதைத் துண்டு ஃபார்மலினில் தாமதமாக இடப்பட்டிருக்கலாம். இரு ஆய்வகங்கள் இரு வேறு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தியிருக்கலாம். புற்றின் விளிம்பில் எடுத்த துண்டும் நடுவில் எடுத்த துண்டும் ஒன்றுபோல் இராமல் இருக்கலாம். எத்தனை விழுக்காட்டுக்கு மேல் 'மிகுதி' என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த எல்லை இல்லை. ஓர் ஆய்வு இருபதை எல்லையாகக் கொண்டால் மற்றொன்று ஐம்பதைக் கொள்ளும்.

ஆய்வுகள் பல, அன்றாடப் பயன் சில

வாய்ப்புற்றில் உயிர்வாழ்வை முன்னறிவதற்காக ஆராயப்பட்ட புரதங்கள் நூற்றுக்கணக்கானவை. புதுதில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் கனடாவின் டொரான்டோ ஆய்வாளர்களும் இணைந்து, வாய்த் திசுக்களில் உள்ள புரதங்களை ஒருங்கே அளந்து பட்டியலிட்டார்கள். மும்பையின் டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையமும் மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் நம் நாட்டுக் கன்னம், ஈறுப் புற்றின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டன. மேலை நாட்டுப் பட்டியல்களில் அதுவரை முதன்மை பெறாத சில மரபணுக்கள் நம்மவரின் நோயில் மீண்டும் மீண்டும் பழுதுபட்டிருப்பதை அந்த ஆய்வு காட்டியது. அயல்நாட்டு நாக்குப் புற்றில் மெய்ப்பிக்கப்பட்ட ஓர் அடையாளத்தைப் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கன்னப் புற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இது போதிய காரணம்.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பி-16 என்னும் புரதத்தைக் கூறலாம். அடிநாக்கு, தொண்டைச் சதை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றில் இப்புரதம் மிகுந்திருந்தால், அது எச்.பி.வி. என்னும் நுண்கிருமியால் வந்த நோய் என்று கொள்ளப்படும். அத்தகையோர் சிகிச்சையில் நன்கு தேறுகிறார்கள். நோய்நிலையைக் கணக்கிடும் முறையே அவர்களுக்கு வேறு. ஆனால் கன்னத்திலும் ஈறிலும் தோன்றும் புற்றுக்கு இது பொருந்தாது. இடம் மாறினால் அடையாளத்தின் பொருளும் மாறுகிறது.

புரத அடையாள ஆய்வுகளை எவ்வாறு நடத்தி எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்று உலக வல்லுநர்கள் 2005இல் நெறிமுறை வகுத்தார்கள். ஒரு மருத்துவமனையில் சில பத்து நோயாளிகளிடம் கிடைத்த முடிவு, வேறிடங்களில் வேறு நூற்றுக்கணக்கானோரிடமும் மெய்யாக வேண்டும். அவ்வாறு தேறி, வாய்ப்புற்று நோயாளி ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிக்க அன்றாட மருத்துவத்தில் ஏற்கப்பட்ட தனிப் புரதம் இன்றுவரை எதுவும் இல்லை. இதை ஒளிவின்றிச் சொல்வது எங்கள் கடமை.

அதிராம்பட்டினம் கடைமடைப் பகுதி. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்று செய்தி வந்ததும் கடைமடை உழவர் எவரும் அன்றே நாற்று விடுவதில்லை. கல்லணை திறந்ததா, கால்வாய் தூர்வாரப்பட்டதா, தலைமடையில் எவ்வளவு நின்றது, பருவமழை வருமா என்று அனைத்தையும் சேர்த்தே முடிவு செய்கிறார். நீர்மட்டம் பொய் சொல்வதில்லை. அது ஒன்று மட்டும் போதுவதில்லை. புரதத்தின் எண்ணும் அத்தகையதே.

இன்று நாங்கள் எதை நம்புகிறோம்?

அப்படியானால் நோயின் போக்கை எதைக் கொண்டு கணிக்கிறோம்? அறுவைக்குப்பின் வரும் நோயியல் அறிக்கையின் நான்கு செய்திகளே இன்றும் முதன்மையானவை.

முதலாவது, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பது. 2018 முதல் நடைமுறையில் உள்ள நோய்நிலைக் கணக்கீட்டின் எட்டாம் பதிப்பில் அகலத்தோடு ஆழமும் சேர்க்கப்பட்டது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்பவை அதன் எல்லைக் கோடுகள். இரண்டாவது, கழுத்தின் நிணநீர்க் கணுக்களில், அதாவது நெறிக்கட்டுகளில், நோய் உள்ளதா, எத்தனையில் உள்ளது என்பது. மூன்றாவது, கணுவின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்துள்ளதா என்பது. நான்காவது, வெட்டியெடுத்த சதையின் விளிம்பில் புற்று எஞ்சியுள்ளதா என்பது. கணுவின் உறை கிழிந்தவர்களுக்கும் விளிம்பில் புற்று எஞ்சியவர்களுக்கும் கதிர்வீச்சோடு வேதிச் சிகிச்சையும் சேர்ப்பது பயன் தரும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகள் 2004இல் காட்டின.

கழுத்துக் கணுக்களின் முதன்மையை உலகுக்கு உறுதிப்படுத்தியது நம் நாட்டு ஆய்வே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், கழுத்தில் கட்டி எதுவும் தென்படாத தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் நீக்கினார்கள். மற்றவர்களுக்குக் கணுவில் நோய் தோன்றினால் மட்டும் நீக்கினார்கள். 500 பேரின் முடிவுகள் 2015இல் வெளியாயின. மூன்றாண்டு முடிவில் முதற்பிரிவில் 100க்கு 80 பேரும், இரண்டாம் பிரிவில் 100க்கு 67.5 பேரும் உயிரோடிருந்தனர். "கழுத்தில் ஒன்றும் இல்லையே, அங்கே ஏன் வெட்ட வேண்டும்?" என்று கேட்கும் வீட்டாருக்கு நாங்கள் தரும் விடை இதுதான்.

இந்த 80 என்ற எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது நூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்கள் தாய் அந்த எண்பதில் ஒருவரா, இருபதில் ஒருவரா என்பதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. கூட்டத்தின் கணக்கைக் கொண்டு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறோம். தனிமனிதரின் நாள்களை எண்ண அது கருவியாகாது.

புரதம் வழிகாட்டும் இடம்

புரதச் சோதனைகள் அனைத்தும் வீண் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நோய் மீண்டு வந்தவர்களுக்கும், தொலைவில் பரவியவர்களுக்கும் பி.டி.எல்.-1 சோதனை உண்மையான வழிகாட்டி. புற்றுச் செல்களிலும் சூழ்ந்துள்ள தற்காப்புச் செல்களிலும் அப்புரதத்தின் அளவைச் சேர்த்துக் கணக்கிட்டு, தடுப்பாற்றல் மருந்து யாருக்குப் பயன்படும் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். 2019இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று இதற்கு அடித்தளமிட்டது. இங்கே புரதம் ஆயுளைக் கணிப்பதற்காகப் பார்க்கப்படவில்லை; மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பார்க்கப்படுகிறது.

அம்மருந்துகளின் விலை பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாதது. டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் அதற்கும் ஒரு வழி தேடினார்கள். நிவோலுமாப் என்னும் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்று உடையோருள் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 100க்கு 16 என்பதிலிருந்து 43 ஆக உயர்ந்தனர். இந்த முடிவு 2022இன் பிற்பகுதியில் வெளியாயிற்று. நோய் மீண்டது என்று கேட்டவுடன் 'இனி ஒன்றுமில்லை' என்று வீடு திரும்பாமல் மருத்துவரிடம் பேசுங்கள் என்று நாங்கள் வேண்டுவது இதனால்தான்.

இரத்தத்தில் ஒரு புரதம்

எளிய இரத்தச் சோதனையில் தெரியும் புரதம் ஒன்று உண்டு. அது ஆல்புமின். உங்கள் கோப்பில் அதன் அளவு அநேகமாக ஏற்கெனவே இருக்கும். டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே அது இறங்கியிருப்பின், பலவகைப் புற்று நோயாளிகளிடம் சிகிச்சையின் பயன் குறைவதும் அறுவைக்குப்பின் சிக்கல்கள் மிகுவதும் காணப்பட்டுள்ளன. ஆல்புமின் குறைவதற்கு உணவுக் குறைவு மட்டும் காரணமன்று. நோயினால் உடலில் எழும் அழற்சியும் காரணம். ஆகவே முட்டை கொடுத்து அந்த எண்ணை உயர்த்திவிட்டால் நோய் தீரும் என்று கொள்ளக்கூடாது. எனினும் உடல் மெலியாமல் காப்பது சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடிக்க உதவும். வீட்டார் தம் கையாலேயே செய்யக்கூடிய பணி அது.

வாய்ப்புற்று நோயாளிக்கு மெல்ல வலிக்கும், விழுங்கக் கடினமாகும். வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவு. நோன்புக் கஞ்சியில் சேர்ப்பதுபோல் பாசிப்பருப்பைச் சேர்த்து, காரமும் கரகரப்பும் இன்றிக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். வெந்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், தயிர், பால் ஆகியவை நன்று. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு என்பதால், பல வேளைகளில் சிறுகச் சிறுகக் கொடுப்பதே வழி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். வாய்வழி உண்ண இயலாதபோது மூக்குக் குழாய் வைக்க மருத்துவர் சொன்னால் அஞ்ச வேண்டா. அது தற்காலிக உதவியே.

வீட்டார் நினைவில் கொள்ள வேண்டியவை

புதிதாக ஒரு சோதனை செய்யச் சொன்னால், "இதன் முடிவு எதுவாயினும் சிகிச்சையில் மாற்றம் ஏற்படுமா?" என்று கேளுங்கள். மாற்றம் ஏற்படாது என்றால், அந்தப் பணத்தை உணவுக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்வது தவறன்று. இரத்தத் துளியில் ஆயுளைச் சொல்வோம் என்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

மெழுகுக் கட்டி உங்கள் உடைமை போன்றது. வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது அறிக்கையோடு அதையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மீண்டும் சதை எடுக்கும் வேதனையை அது தவிர்க்கும்.

அறுவைக்குப்பின் கதிர்வீச்சு வேண்டும் என்றால் ஆறு வாரங்களுக்குள் தொடங்குவது நன்று. பல் மருத்துவரை அறுவைக்கு முன்பே பார்த்துவிட்டால் அந்தத் தாமதம் நேராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் முதல்நாளே கொண்டு வாருங்கள்.

சிகிச்சை தொடங்கியபின்னும் புகையிலையையும் பாக்கையும் தொடர்பவர்களுக்கு நோய் மீள்வதும், இரண்டாம் புற்று தோன்றுவதும் மிகுதி. எந்தப் புரதமும் தராத அளவுக்குப் பயன் தரும் மாற்றம் இது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடிந்து ஓராண்டு, ஈராண்டு கழித்து மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். இழப்பு நேர்ந்த வீட்டில் அந்தக் கேள்வி புண்ணைக் கிளறும் என்பதை அறிவோம். ஆயினும் விடை கூறுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து பேணிவரும் பதிவேடு போன்றவை, இத்தகைய விடைகளால்தான் உயிர்பெறுகின்றன. ஒரு புரதம் உண்மையில் எதையேனும் முன்னறிவிக்கிறதா என்பதை, அந்த நோயாளி பின்னர் எவ்வாறு வாழ்ந்தார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். திசுவை ஆய்வுக்கு அளிக்க ஒப்புதல் கேட்டால், படித்து, ஐயம் தீர்த்துக்கொண்டு, விருப்பமிருந்தால் ஒப்புங்கள். மறுத்தாலும் சிகிச்சையில் குறை நேராது.

முன்னதாகவே காண்பது

எந்த அடையாளத்தையும்விட வலிமையானது, நோயை முன்னதாகக் காண்பது. 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விளக்கொளியில் வாயைப் பார்த்தார்கள். வேறு கருவி எதுவும் இல்லை. 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று உங்கள் வாயைப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்படலம் அல்லது செம்படலம், வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராதீர்கள். இவை பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலியில்லை என்பதே பலரை மாதக்கணக்கில் காத்திருக்கச் செய்கிறது.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிப்போம். மகனிடம் எழுபது என்பதன் பொருளை விளக்கினோம். ஒளிப்படச் சோதனைகள், நோய் கன்னத்தோடும் கழுத்தின் ஓரிடத்தோடும் நிற்பதைக் காட்டின. இரண்டு நாள் கழித்து அவர்கள் அறுவைக்கு ஒப்பினார்கள். ஆழம் 8 மில்லிமீட்டர்; ஒரு கணுவில் நோய்; கணுவின் உறை கிழியவில்லை; விளிம்புகள் தூய்மை. ஐந்தாம் வாரத்தில் கதிர்வீச்சு தொடங்கிற்று. முகத்தில் தழும்பு உண்டு. வாய் இன்னும் முழுதாகத் திறப்பதில்லை. உமிழ்நீர் குறைவால் எந்நேரமும் தண்ணீர்ப் புட்டி கையில் வேண்டியுள்ளது. இரண்டாமாண்டுச் சோதனைகளுக்குத் தவறாமல் வருகிறார். நோய் மீண்டதற்கான அறிகுறி இதுவரை இல்லை. நாளை வராது என்று நாங்கள் உறுதி கூறவில்லை, அவரும் கேட்கவில்லை.

சென்ற முறை வந்தபோது தம் வெற்றிலைப் பெட்டியைப் பேத்தி பென்சில் வைக்க எடுத்துக்கொண்டாள் என்று சொன்னார். எங்கள் கோப்பில் பழக்கம் என்ற இடத்துக்கு நேரே, 'நிறுத்திவிட்டார்' என்று எழுதிக்கொண்டோம்.